பூட்ஸுக்கு முன்னால் ஃபைல்: ஊர் ஊராகப் போய் கோல் அடிக்க நினைக்கிற மலையகத்துத் தம்பிக்கு

ஹட்டன் டன்பார் மைதானத்தில் மேட்ச் முடிந்து கொஞ்ச நேரம் நின்றால் போதும், யாராவது ஒரு தம்பி பக்கத்தில் வந்து, "அண்ணே, வெளிநாட்டு கிளப்புக்குப் போய் ஃபுட்போல் ஆடுறதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டுவிடுவான். ஒவ்வொருத்தனுக்கும் பாதி பாதியாகச் சொல்லி முடிந்ததே இல்லை, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கொழும்பில் மூன்று கிளப், மாலைதீவில் இரண்டு, நடுவில் ஒரு தடவை கேரளா என்று பத்து வருஷம் ஸ்ட்ரைக்கராகவே, அதாவது கோல் அடிக்கிற முன்வரிசை ஆளாகவே, சுற்றியவன் நான். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் லயன் காம்பராவுக்குப் பின்னால் இரண்டு அறை இழுத்துக் கட்டினோம், தங்கச்சி கம்பஸுக்குப் போனாள். ஆகவே இது நம்மால் முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கால் நன்றாக இருந்தால் மட்டும் போதும் என்று சொன்னாலும் நம்பாதே.

முதலில் செபஸ்தியான் அப்ரேயுவைத் தெரிந்துகொள். உருகுவேயில் மினாஸ் என்ற ஊரில் 1976இல் பிறந்தவர். சொந்த நாட்டில் தொடங்கி ஆர்ஜென்டினா, ஸ்பெயின், பிரேசில், மெக்சிகோ, இஸ்ரேல், கிரேக்கம், எக்குவடோர், பரகுவே, எல் சல்வடோர், சிலி என்று 11 நாடுகளில், 30 கிளப்புகளுக்கு மேல் ஆடியிருக்கிறார். 2017 டிசம்பரில் சிலியின் ஓடாக்ஸ் இத்தாலியானோவில் சேர்ந்தபோது அது அவருக்கு 26ஆவது கிளப், கின்னஸ் சாதனையும் ஆனது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை, 2021இல் 44 வயதில்தான் ஓய்வு பெற்றார். 2010 உலகக் கிண்ணக் காலிறுதியில் கானாவுக்கு எதிராகக் கடைசிப் பெனால்டியை மெல்லத் தூக்கி நடுவில் போட்டாரே, அதே ஆள். இப்படி ஒருத்தரை நம்மூரில் "ஓர் இடத்திலும் நிலைக்காதவன்" என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது தடவைக்கு மேல் யாரோ ஒருத்தர் அவரைத் தேடி வந்து கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அது சும்மா நடக்கிற விஷயமா? நல்ல உயரம், ஓரத்திலிருந்து உயரமாகக் கிராஸ் வந்தால் தலை வைப்பார், பெனால்டி பெட்டிக்குள் பதறமாட்டார். வாங்குகிற கிளப்புக்கு என்ன வாங்குகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது.

அதனால் உன் முதல் வேலை, உன்னை ஒரே வரியில் சொல்லப் பழகுவது. "டிஃபென்டருக்குப் பின்னால் ஓடுவேன், இடது காலால் முடிப்பேன்." இவ்வளவு போதும். "எங்கே போட்டாலும் ஆடுவேன்" என்கிறவனை உள்ளூர் கோச் விரும்புவார், ஆனால் வெளிநாட்டு வீரருக்கு மூன்று நாலு இடம் மட்டும் வைத்திருக்கிற கிளப் அந்த இடத்தை அவனுக்குத் தராது. வீடியோ அனுப்பும்போதும் அதே வரிதான் தெரிய வேண்டும். நாலு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், பாட்டுப் போடாதே, ஒவ்வொரு துண்டிலும் நீ எங்கே நிற்கிறாய் என்று வட்டம் போட்டுக் காட்டு. அதோடு ஒரு முழு மேட்சின் இணைப்பையும் கொடு. கோல் எல்லாருடைய வீடியோவிலும் இருக்கும். பந்து காலில் இல்லாத நேரத்தில் நீ என்ன செய்கிறாய் என்பதைத்தான் அனுபவமுள்ள கோச் பார்ப்பார்.

நம் தோட்டத்து கிறவுண்டில் வளர்ந்தவனுக்கு ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் தண்ணீர் ஓடுகிற கான், கொஞ்சம் பலமாக உதைத்தால் பந்து தேயிலைக்குள் போய்விடும், மேடு பள்ளத்தில் எப்படிக் குதிக்கும் என்று யாருக்கும் தெரியாது. இதிலேயே பழகியதால் நம் பையன்களுக்குக் கட்டுப்பாடு அருமையாக வரும். ஆனால் பந்து அடங்கட்டும் என்று காத்திருந்து அடிக்கிற பழக்கமும் கூடவே வந்துவிடும். சமமான செயற்கைப் புல்லில் அந்த அரை நொடி கிடைக்காது. நான் கொழும்பில் முதல் மாதம் முழுக்க இதில்தான் அடிபட்டேன், நான் காலை எடுப்பதற்குள் டிஃபென்டர் வந்து நிற்பான். தோட்டத்தில் சுவர் இருக்கிற இடம் எதுவானாலும் சரி, ஃபேக்டரிச் சுவராக இருந்தாலும் சரி, பதினைந்து அடி தள்ளி நின்று பலமாக உதை, திரும்பி வருகிற பந்தை ஒரே டச்சில் அல்லது இரண்டாவது டச்சில் மறுபடி அடி. ஒவ்வொரு காலுக்கும் தினம் ஐம்பது. மூன்றாவது டச் தொட்டால் அது கணக்கில் இல்லை.

உயரத்தையும் கணக்கில் எடு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,868 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் உதைத்த பந்து கொஞ்சம் நீண்டு போகும். கீழே கடலோரத்தில் அதே உதை முன்னாலேயே இறங்கிவிடும். கிராஸுக்குத் தலை வைக்கப் போகிறவன் வழக்கமாக நிற்கிற இடத்திலிருந்து ஓரடி முன்னால் போக வேண்டியிருக்கும். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை, நாலு மேட்ச் பந்து எனக்கு முன்னால் விழுந்த பிறகுதான் புரிந்தது. வெயில் இன்னொரு விஷயம். மலையில் ஓடிப் பழகிய நுரையீரல் உதவும், ஆனால் மாலேயின் புழுக்கத்துக்கு உடம்பு பழகப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை எடுக்கும். முடிந்தால் அவ்வளவு நாள் முன்னாலேயே போய்ச் சேர்.

சரி, இனி ஃபைல். இதைத்தான் நீ அவசரமாகப் படித்துத் தாண்டிவிடுவாய், தயவுசெய்து தாண்டாதே.

இன்றைக்கே வீட்டில் இருக்கிற உன் பத்திரங்களை எடுத்து ஒரு பாயில் பரப்பிவை. பிறப்புச் சான்றிதழ், அப்பா அம்மாவின் கல்யாணச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், லீக்கில் உன்னைப் பதிந்த படிவத்தின் பிரதி. ஒவ்வொன்றிலும் உன் பெயரை எழுத்து எழுத்தாக வாசி. நம் தோட்டங்களில் சொன்ன பெயரைக் கேட்டவர் தன் காதுக்குப் பட்டபடி எழுதியிருப்பார். சான்றிதழ் சிங்களத்தில் இருக்கும், அதை ஆங்கிலத்தில் மாற்றினவர் ஒரு விதமாக எழுதியிருப்பார், பாடசாலையில் இன்னொரு விதமாக. அப்பாவின் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதே மூன்று பத்திரத்தில் மூன்று மாதிரி இருக்கும். என் பெயரில் ஓர் ஆங்கில 'எச்' கூடுதலாக இருந்தது, பிறந்த வருஷமும் ஒரு படிவத்தில் தவறு. ஒரு நாட்டுக் கால்பந்துச் சம்மேளனத்திலிருந்து இன்னொன்றுக்கு வீரர் மாறும்போது பழைய சம்மேளனம் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், தொழில்முறை வீரர் என்றால் அது ஃபிஃபாவின் கணினி முறை வழியாகத்தான் போகும். நான் மாறப் போனபோது, பாஸ்போட்டில் இருந்த ஆளும் பதிவில் இருந்த ஆளும் ஒரே ஆள்தானா என்று கேள்வி வந்தது. திருத்தி அனுப்புவதற்குள் புது வீரர்களைப் பதிகிற காலம் மூடிவிட்டது. கிளப் என்னை வைத்துக்கொள்ளவில்லை. நாலு மாதச் சம்பளம் போனது. அம்மா அன்றைக்கும் வழக்கம்போல் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார், எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திருத்தம் செய்கிற வரிசையை மாற்றாதே. முதலில் பிறப்புச் சான்றிதழ், உன் பிறப்பு எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் பதியப்பட்டதோ அங்கே மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போ. அப்புறம் அடையாள அட்டை. அதற்குப் பிறகுதான் பாஸ்போட், அதற்கு பத்தரமுல்லைத் தலைமை அலுவலகம் வரை போகத் தேவையில்லை, கண்டியிலும் அலுவலகம் இருக்கிறது. கடைசியில் லீக் பதிவு. நடுவில் மாதங்கள் போகும், ஆகவே பதினாறு வயதில் தொடங்கினால்தான் பதினெட்டில் எல்லாம் கையில் இருக்கும். பதினெட்டுக்கு முன் வெளிநாட்டுக் கிளப்புக்கு மாற்றுவதை ஃபிஃபா சில விதிவிலக்குகள் தவிர அனுமதிப்பதில்லை, "வயசு பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருத்தர் சொன்னால் அவரோடு பேச்சை நிறுத்திவிடு.

பதிவைப் பற்றி இன்னொன்று. ஊர் கிளப்புக்கு ஆடும்போதும் லீக்கில் முறையாகப் பெயர் பதிந்து ஆடு. ஒப்பந்தம் முடியும் முன் ஒரு வீரரைப் பணம் கொடுத்து இன்னொரு நாட்டுக் கிளப் வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம், அவர் 12 வயதிலிருந்து 23 வயது வரை ஆடிய கிளப்புகளுக்குப் பகிர்ந்து போக வேண்டும் என்று விதி இருக்கிறது. பதிவில் பெயர் இல்லாவிட்டால் உனக்குப் பந்து வாங்கித் தந்த தோட்டத்துக் கிளப்புக்கு ஒரு சதமும் வராது.

ஏஜன்டுக்கு ஃபிஃபா உரிமம் இருக்க வேண்டும், 2023இலிருந்து அதற்குப் பரீட்சை எழுதித் தேற வேண்டும், பெயர் இருக்கிறதா என்று ஃபிஃபாவின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். அவரோடு போடுகிற ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. ட்ரயலுக்கு முன்பணம் கேட்கிறவர், பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொள்கிறவர், சுற்றுலா விசாவில் வா பிறகு பார்க்கலாம் என்கிறவர், இந்த மூன்று பேரையும் கும்பிட்டு அனுப்பிவிடு. உனக்காகத் தோட்டத்தில் யாராவது நகையை அடகு வைக்கிற நிலை வந்தால் அந்தப் பயணம் வேண்டாம்.

ஒப்பந்தத்தில் சம்பளத் தொகையை எல்லாரும் பார்ப்பார்கள். நீ சம்பளம் எந்தத் தேதியில், எந்த நாணயத்தில், அடிபட்டுப் படுத்தால் அது தொடருமா, தங்க இடமும் திரும்பி வர டிக்கெட்டும் யார் பொறுப்பு என்பதைப் பார். ஒரு வெளிநாட்டுக் கிளப்பில் எனக்கு மூன்று மாதம் சம்பளம் வரவில்லை, கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். அறையில் என்னோடு இருந்த நைஜீரியப் பையன்தான் இராத்திரி உட்கார வைத்துச் சொல்லித்தந்தான்: இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால் எழுத்தில் அறிவித்து குறைந்தது 15 நாள் அவகாசம் கொடு, அதற்கும் தராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம், ஃபிஃபாவின் தீர்ப்பாயத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போகலாம். அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பினேன், பதினோராவது நாள் பணம் வந்தது. அவன் இன்றைக்கும் தைப்பொங்கலுக்கு எனக்கு வாழ்த்து அனுப்புகிறான்.

புதுக் கிளப்பில் முதல் இரண்டு வாரம் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் எனக்குச் சொல்லப் பிடித்த பகுதி. ஸ்ட்ரைக்கர் தனியாக ஒன்றும் செய்ய முடியாது, யாரோ ஒருத்தன் பந்து தர வேண்டும். முதல் பயிற்சியிலேயே அவன் யார் என்று கண்டுபிடி. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதைக்கிறவன் எந்த அணியிலும் ஒருத்தன் இருப்பான், பெரும்பாலும் சத்தம் போடாதவனாக இருப்பான். சாப்பாட்டில் அவன் பக்கத்தில் உட்கார். பாஷை வராவிட்டாலும் பரவாயில்லை, மேசையில் உப்பு டப்பாவையும் தேத்தண்ணிக் கோப்பையையும் வைத்து, நான் இப்படி ஓடுவேன், நீ இங்கே போடு என்று காட்டலாம். மாலைதீவில் நான் அப்படித்தான் காட்டினேன், அவன் கோப்பையை எடுத்து இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான், அதாவது நான் முன்னாலேயே ஓடிவிடுகிறேனாம். இரண்டாவது மேட்சில் அதே இடத்தில் பந்து வந்தது, கோல். கை ஜாடையையும் முடிவு செய்துகொள்: உள்ளங்கை கீழே பார்த்தால் காலுக்கு, விரல் முன்னால் நீண்டால் இடைவெளிக்கு.

கொழும்புக்குப் போகிறவனுக்கும் இதேதான். உடை மாற்றும் அறையில் சிங்களம்தான் ஓடும். பிட்டிபஸ்ஸ என்றால் பின்னால், வமட்ட இடதுக்கு, தகுணட்ட வலதுக்கு, இந்த மாதிரி பத்துச் சொல்லைப் போகிற பஸ்ஸிலேயே மனப்பாடம் செய். நீ தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள், அப்புறம் பந்து தருவார்கள்.

காசு விஷயம் சுருக்கமாக: வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் மூன்று மாதச் செலவையும் டிக்கெட் காசையும் தனியாக எடுத்து வை. வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போ, பிறகு மனஸ்தாபம் வராது.

அடுத்த இடத்தை எப்போது தேடுவது? ஒப்பந்தத்தில் கடைசி ஆறு மாதம் இருக்கும்போது வேறு கிளப்போடு கையெழுத்துப் போட உனக்கு உரிமை இருக்கிறது, அந்தத் தேதியைக் கலண்டரில் குறித்து வை. ஒரே சீசனில் மூன்று கிளப்பில் பதியலாம், ஆனால் பொதுவாக இரண்டுக்குத்தான் போட்டியில் ஆட முடியும், ஆகவே கோபத்தில் கிளம்பிவிடாதே. நிக்கொலா அனெல்காவைப் பார், ஆர்சனல், ரியல் மட்ரிட், லிவர்பூல், துருக்கி என்று சுற்றி வந்தவர் செல்ஸியில் 2008-09 சீசனில் 19 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான லீக்கின் தங்கப் பாதணியை எடுத்தார், கடைசியில் இந்தியாவுக்கு வந்து மும்பை சிட்டியில் ஆடிக்கொண்டே பயிற்றுவிப்பாளராகவும் இருந்தார். முப்பது வயது ஆகும்போது நீயும் ஆசியக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஆரம்பப் பயிற்றுவிப்பாளர் கோர்ஸைச் செய்துவிடு, ஆடுகிற காலத்திலேயே செய்தால் கிளப்பில் உன் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

தங்கச்சிமாரே, விதிகளெல்லாம் உங்களுக்கும் இதேதான், பத்திரங்களும் இதேதான், இன்றைக்கே பாயை விரியுங்கள்.

அப்புறம், லீவுக்கு ஊருக்கு வந்தால் பின்னேரம் கிறவுண்டுக்கு ஒரு தடவை போ. பதினாலு வயதுப் பையன்கள் உன் பூட்ஸைத்தான் பார்ப்பார்கள், போட்டுப் பார்க்கக் கொடு. அவர்கள் போட்டு ஓடுகிற நேரத்தில், நாளைக்கு வரும்போது பிறப்புச் சான்றிதழின் பிரதியைக் கொண்டு வரச் சொல்லு, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருத்தரையும் பக்கத்தில் வைத்துக்கொள்.