குழுவை விட்டுத் தனியாகப் பாடப் போகிறவருக்கு

பேட்டி கொடுப்பதற்கு முன்னால் ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டுங்கள். விலகினாலும் உங்கள் தனி ஆல்பம் அதே ரெக்கார்டு கம்பெனிக்குத்தான் என்று ஒரு பிரிவு அனேகமாக இருக்கும். பிரிட்டிஷ் பாடகர் ராபி வில்லியம்ஸ் 1995-இல் டேக் தட் என்ற பாப் குழுவை விட்டு வந்தார். பழைய கம்பெனியோடு இருந்த தகராறு தீர்ந்து முதல் தனிப்பாட்டு வெளிவர 1996 ஆகிவிட்டது. அதுவும் இன்னொரு பாடகரான ஜார்ஜ் மைக்கேலின் பழைய பாட்டு!

அப்புறம், குழுவின் பெயர் யாருக்கு, ராயல்டியில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள். ஒப்புக்கொண்ட கச்சேரிகளை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பாடகர் ஸெயின் மாலிக் 2015 மார்ச்சில் ஒன் டைரக்‌ஷன் என்ற பாப் குழுவின் சுற்றுப்பயணத்துக்கு நடுவே விலகினார். அவருக்குச் சரி, நம்மிடம் நஷ்ட ஈடு கேட்பார்கள்.

குழுவில் உங்களுக்கு நாலு வரிதான் கிடைத்திருக்கும். முழுப் பாட்டையும் தனியாகப் பாடி, மொபைலில் பதிந்து கேளுங்கள். நான் கீபோர்டு வாசிப்பவன். இரண்டாவது சரணத்தில் சுருதி இறங்குவது முதலில் எங்கள் காதில்தான் விழும்.