ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்தால் என்ன செய்வது?

ரத்த தானத்திலோ கர்ப்பகாலச் சோதனையிலோ ஹெச்பிஎஸ்ஏஜி (கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தச் சோதனை) பாசிட்டிவ் என்று வந்தால் பதறாதீர்கள், அந்த ஒரு தாளை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. 6 மாதம் தாண்டியும் பாசிட்டிவாகவே இருந்தால்தான் நாள்பட்ட தொற்று. ஆனால் அதுவரை சும்மா காத்திருக்காமல் கல்லீரல் மருத்துவரைப் பார்த்து ரத்தத்தில் வைரஸ் அளவு, எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தச் சோதனை), வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்துவிடுங்கள். மாத்திரை வேண்டுமா, கண்காணித்தால் போதுமா என்பதை அவர் இவற்றை வைத்துத்தான் சொல்வார்.

இதற்குத் தரும் டெனோஃபோவிர், என்டகாவிர் மாத்திரைகள் எல்லாம் வைரஸை அடக்கி வைக்குமே தவிர பெரும்பாலும் அடியோடு ஒழிக்காது. 'ரிப்போர்ட் நார்மலாகிவிட்டதே' என்று நீங்களாக நிறுத்தினால் வைரஸ் மறுபடி கிளம்பி கல்லீரலையே செயலிழக்க வைக்கலாம். கீழாநெல்லியை நம்பி மாத்திரையை விடுவதும் அதே ஆபத்துதான். மது வேண்டவே வேண்டாம்.

அப்புறம் வீட்டில் இருப்பவர்கள். சேர்ந்து சாப்பிட்டால், கட்டிப்பிடித்தால் பரவாது. தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைக்கும் கொடுமையை இன்றே நிறுத்துங்கள். ரேசர், நகவெட்டி, டூத்பிரஷ் மட்டும் தனி. எல்லோருக்கும் சோதனை செய்து, தொற்றும் இல்லாமல் எதிர்ப்பு சக்தியும் இல்லாதவர்களுக்கு 0, 1, 6 மாதக் கணக்கில் (முதல் ஊசி, அதிலிருந்து 1 மாதத்தில், 6 மாதத்தில்) 3 தடுப்பூசி போடுங்கள். தாய்க்குத் தொற்று இருந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்புப் புரத ஊசி) கிடைக்குமா என்று பிரசவத்துக்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.