கை கழுவாத விரலும் 264 காட்டிய மீற்றரும்

வீட்டு மீற்றரில் பார்க்கும் அம்மாவின் இரத்தச் சீனி அளவு மூன்று நாள் குழப்பியது. காலை வெறும் வயிற்றில் 118 mg/dL. பதினொரு மணிக்கு 264. சாப்பாடு அதே குரக்கன் பிட்டுத்தான்.

முதலில், இரத்தத் துளி வைத்து மீற்றரில் செருகும் ஸ்ட்ரிப்பைச் சந்தேகித்தேன். திகதி முடியவில்லை, புதுப் போத்தல் உடைத்தும் அதே எண். பற்றரி மாற்றியும் பயனில்லை. பிட்டைக் குறைத்தது வீண். ஆய்வுகூடத்தில் அதே நேரம் நாளத்தில் எடுத்த இரத்தம் 151.

பிறகுதான் கவனித்தேன்: பதினொரு மணிக்குச் சற்று முன் அம்மா பேரப்பிள்ளைகளுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டுவா. தான் ஒரு துண்டும் சாப்பிடமாட்டா. ஆனால் விரலில் காய்ந்த சாறு இரத்தத் துளியோடு கலந்து அளவை ஏற்றிவிடுகிறது. ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது இதற்குப் போதாது. பழச்சீனி முழுதாகப் போகாது.

சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 20 விநாடி கழுவி, துவாயால் நன்றாக உலர்த்தினோம். ஈரம் இருந்தால் துளி ஐதாகி அளவு குறைத்துக் காட்டும். விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினோம்: 149. பெரிய நிம்மதி.

கழுவ வசதியில்லாத இடத்தில் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுக்கலாம். அளவு கூடியவுடன் மாத்திரையைத் தாங்களாகக் கூட்ட வேண்டாம்; கழுவி மறுபடி பாருங்கள். மீற்றர் பெட்டியின் மூடியில் ‘முதலில் கை கழுவவும்’ என்று கண்ணாடி இல்லாமலே வாசிக்கும் அளவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.