எஸ்3 பக்கெட்டில் அழிந்த காப்புப்பிரதியை மீட்பது

அமேசானின் இணையச் சேமிப்புச் சேவையான எஸ்3-இல், கோப்புகளை வைக்கும் கொள்கலனான பக்கெட்டில், பழைய பதிப்புகளையும் காத்துவைக்கும் ‘வெர்ஷனிங்’ வசதி முன்பே இயக்கத்தில் இருந்திருந்தால், தவறுதலாக அழித்த காப்புக் கோப்பு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். சாதாரண அழிப்பு அதன்மேல் ‘டெலீட் மார்க்கர்’ என்னும் குறியை மட்டுமே வைக்கிறது. அழித்த பிறகு வெர்ஷனிங்கை இயக்குவதால் பயனில்லை.

முதலில், பழைய பதிப்புகளைத் தானாக நீக்கும் லைஃப்சைக்கிள் விதி ஏதேனும் இருந்தால் அதை முடக்குங்கள். அவசரத்தில் பலரும் மறப்பது இதைத்தான். பின்னர் ‘ஷோ வெர்ஷன்ஸ்’ பொத்தானை இயக்கி, கோப்பின் பெயருக்கு எதிரே தெரியும் டெலீட் மார்க்கரை மட்டும் தேர்ந்தெடுத்து அழித்தால், கோப்பு மீண்டும் பட்டியலில் தோன்றும். அந்தப் பட்டியலில் மார்க்கருக்குப் பதிலாகக் கோப்பின் பதிப்பையே அழித்துவிட்டால் அது நிரந்தர இழப்பு என்பதால், வகையை இருமுறை சரிபாருங்கள்.

கோப்பு ‘கிளேசியர் டீப் ஆர்க்கைவ்’ என்னும் நீண்டகாலச் சேமிப்பு அடுக்கில் இருந்தால், அதைத் தரவிறக்கும் முன் தனியே ‘ரிஸ்டோர்’ கோரிக்கை அளிக்க வேண்டும். வழக்கமான முறையில் அதற்கு 12 மணி நேரம் வரை ஆகலாம்.