பெயின்ட் பட்டறையில் சுவாச மாஸ்க்கைக் கழுவிப் பத்திரப்படுத்தும் முறை

வேலை முடிந்ததும் மாஸ்க்கைக் கழற்றி, ஸ்ப்ரே அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டிவிட்டுப் போகும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. முதலில் இதை விட்டுவிடுங்கள். மாஸ்க்கில் பொருத்தும் வடிகட்டி டப்பாவான கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் கரி, நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும் வேலை செய்வதில்லை. தின்னர் வாடை சூழ்ந்த இடத்தில் திறந்து கிடந்தால், இரவெல்லாம் அந்த ஆவியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

ஆகவே, மாஸ்க்கைக் கழற்றியவுடன் கேட்ரிட்ஜ்களைத் தனியே எடுத்து, பயன்படுத்தத் தொடங்கிய தேதியை எழுதி, காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். அவற்றைக் கழுவவோ, கம்ப்ரசர் காற்றால் ஊதவோ கூடாது. வாடை வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருப்பதும் ஆபத்து. உடலுக்குத் தீங்கு செய்யும் எல்லா ஆவியும் மூக்குக்குத் தெரிவதில்லை. தயாரிப்பாளரின் குறிப்பையும் வேலை நேரத்தையும் கணக்கிட்டு, மாற்றும் நாளை முன்பே முடிவு செய்யுங்கள்.

அடுத்து, மாஸ்க்கின் முகப்பகுதியை மிதமான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில், மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள். நீரின் சூடு 43 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி. பெயின்ட் கறை போகவில்லையென்று தின்னரால் துடைத்தால் ரப்பர் கெட்டுவிடும். ஒரே மாஸ்க்கை வேறொருவரும் அணிவதாக இருந்தால், ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 1 மில்லி துணி பிளீச் கலந்து, 2 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். பிளீச் தங்கிவிட்டால் முகத்தோல் எரியும்.

வால்வை அவசரமில்லாமல், நிதானமாகப் பாருங்கள். மூச்சு வெளியேறும் வால்வின் மூடியைக் கழற்றினால், உள்ளே மெல்லிய ரப்பர் வில்லை ஒன்று இருக்கும். அதன் விளிம்பில் ஒரு முடியோ, காய்ந்த பெயின்ட் துணுக்கோ ஒட்டியிருந்தால் வில்லை முழுவதும் மூடாது. மூச்சை இழுக்கும்போது நச்சுக் காற்று கேட்ரிட்ஜைத் தொடாமலேயே அந்த இடைவெளி வழியாக உள்ளே வந்துவிடும். வில்லை சுருண்டிருந்தாலோ கிழிந்திருந்தாலோ, அதே மாடலுக்குரிய வில்லையை மட்டும் வாங்கி மாற்றுங்கள். ஸ்ட்ராப் தளர்ந்திருக்கிறதா என்றும் இழுத்துப் பாருங்கள்.

நிழலில் முழுவதும் உலர்ந்த பிறகு, வெயிலும் தூசியும் ஈரமும் படாத கெட்டியான டப்பாவில், முகம் படும் விளிம்பு நசுங்காதபடி வையுங்கள். ஸ்பேனர்களுக்கு அடியில் கிடந்தால் விளிம்பு கோணி, பிறகு முகத்தோடு சரியாகப் பொருந்தாது.

மறுபடி அணியும்போது, கேட்ரிட்ஜ்களை உள்ளங்கையால் மூடி மெதுவாக மூச்சை இழுங்கள். மாஸ்க் சற்றே உள்வாங்கி அப்படியே நிற்க வேண்டும். காற்றுக் கசிந்தால் ஸ்ட்ராப்பைச் சரிசெய்து, மீண்டும் சோதித்த பிறகே ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுங்கள்.