மேட்டோரம் வீடு இருக்கா? மழைக்காலத்துல இந்தத் தப்ப பண்ணாதீங்க

மலேசியாவுல கேமரன் மலை ரிங்லெட் பக்கம் தடுப்புச் சுவர் கட்டுறது, லோங்காங் (தண்ணி ஓடுற கால்வாய்) வெட்டுறதுனு ரொம்ப வருஷமா இதே பொழப்பு. இப்போ புதுசா காண்ட்ராக்ட் எடுக்குற பசங்கள பாத்தா, அந்தக் காலத்துல நாங்க பண்ணுன அதே கூத்துதான். சரிவுல குப்பை கொட்டாதீங்கங்கிற கதையெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுடுறேன்.

ஓட்டை இல்லாத சுவர்

இதுதான் இன்னைக்கும் எனக்கு எரிச்சல். தோட்டத்துல இருந்து வெளியாகி, இபிஎஃப் (சேமநிதி) காச எடுத்து மேட்டோரமா வீடு கட்டுவாங்க, பின்னால பத்தடிக்கு கான்கிரீட் சுவரும் எழுப்புவாங்க, ஆனா தண்ணி வெளிய வர பைப் வைக்க மாட்டாங்க. வெச்சிருந்தாலும் ஒரு அக்கா மாதிரி, "பாம்பு வருதுண்ணே, சுவரெல்லாம் பாசி புடிச்சு அசிங்கமா இருக்கு"னு தீபாவளிக்கு பெயிண்ட் அடிக்கும்போது சிமெண்ட் வெச்சு அடைச்சிடுவாங்க. அடுத்த அடைமழைக்கு அந்தச் சுவரு நடுவுல வயிறு தள்ளி நின்னுச்சு. மண்ணு தள்ளுது மண்ணு தள்ளுதுனே அக்கா சொல்லிட்டு இருந்தாங்க, மண்ணு மட்டும் இல்லக்கா, தண்ணி! பத்தடி சுவருக்குப் பின்னால முழுசா தண்ணி நின்னா, சுவரோட ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணி மட்டுமே 4.5 டன்னுக்கு மேல தள்ளும், மண்ணோட பாரம் தனி. கடைசியில இடிச்சுட்டு மறுபடியும் கட்டுனாங்க, ரெட்டைச் செலவு.

பைப்ப வெளிப்பக்கம் லேசா சாய்ச்சு வைங்க. பின்னால ஜல்லி போட்டு, மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவுல வடிகட்டுற துணி போடுங்க, இல்லாட்டி சேறு போய் அடைச்சிக்கும். பாம்புக்கு பயமா இருந்தா வாயில வலை கட்டுங்க லா, சிமெண்ட் எதுக்கு?

மேல உள்ள லோங்காங்க மறக்குறது

வீட்டு முன்னால உள்ளத கூட்டுவாங்க, சரிவுக்கு மேல உள்ளத எட்டிக்கூட பாக்க மாட்டாங்க. உலு கிளாங்ல ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியில ஒரு பிளாக் 1993 டிசம்பர் 11-ஆம் தேதி விழுந்து 48 பேர் செத்தாங்களே, பின்னால இருந்த குன்றுல தண்ணிக்கு சரியான போக்கு இல்லாம தடுப்புச் சுவருங்க சரிஞ்சுதான் அந்த கட்டடம் சாஞ்சது.

சரிவு மேல கன்வாஸ் போட்டா போதும்னு இருக்குறது

மேல் ஓரத்த மண்ணுல புதைக்கலேனா தண்ணி கன்வாஸுக்கு அடியிலதான் ஓடும்.

வெடிப்ப பூசி மறைக்குறது

பூசுனா கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான்.

மழை விட்டுச்சுனு வீட்டுக்குத் திரும்பிப் போறது

மண்ணு குடிச்ச தண்ணி உடனே வடியாது. பத்தாங் காலியில 2022 டிசம்பர் 16 விடியக்காலை கேம்ப் இடத்துல தூங்கிட்டு இருந்தவங்க மேல மலை சரிஞ்சு 31 பேர் போனாங்க, அதுக்கு முன்ன நாள்கணக்கா பேஞ்சு சேர்ந்த மழைதான் காரணம்னு அரசாங்க அறிக்கையில வந்துச்சு. அதனால வானத்த பாக்காதீங்க, சரிவ பாருங்க. தெளிவா வடிஞ்ச தண்ணி திடீர்னு கலங்கி வந்தா, கதவு நெலையில இறுகிக்கிட்டா, நேத்து நேரா நின்ன மரம் சாஞ்சிருந்தா, துணிமணி எடுக்க உள்ள ஓடாதீங்க, புள்ளைங்கள கூட்டிட்டு பக்கவாட்டுல வெளியேறி 999-க்கு அடிங்க.