பட்டியலைக் கிழித்த பிறகுதான் மகள் பேசினாள்

போன வருடம் திருச்சியிலிருந்து மகளைச் சென்னைக்கு அழைத்து வந்தபோது இரண்டு நாளுக்கு ஒன்பது இடங்கள் எழுதி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகம். போனால் வாசல் பூட்டு. வெள்ளிதான் அதற்கு விடுமுறை என்று விசாரிக்காதது என் தவறு. நண்பகலில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில். அங்கும் நடை சாத்தியிருந்தது, மாலை நான்கு மணிவாக்கில்தான் திறப்பார்கள். மகள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு ஊர் திரும்பும்வரை வாயே திறக்கவில்லை. பதினைந்து வயது, குற்றம் சொல்ல முடியாது.

இந்த முறை காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம் என்று மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்று என் விருப்பம், மற்றது அவளுடையது. நடுப்பகல் அறையில் தூக்கம்.

சனிக்கிழமை காலை அருங்காட்சியகம் திறந்தவுடன் நுழைந்தோம். வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நின்றவள், "அப்பா, இந்தப் பக்கம் இரண்டு கை, அந்தப் பக்கம் ஒன்றுதான்" என்றாள். நான் எத்தனையோ முறை பார்த்தும் எண்ணியதில்லை. நோட்டை எடுத்து முக்கால் மணி நேரம் வரைந்தாள். மற்ற கூடங்களை விட்டுவிட்டோம்.

மாலை அவள் கேட்ட பெசன்ட் நகர் கடற்கரை. 1930இல் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் இறந்த டென்மார்க்காரர் ஷ்மிட்டின் நினைவுச்சின்னத்தருகே மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றோம். பள்ளிக்கதைகளை அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். மெரினாவுக்கு ஞாயிறு போகலாமா என்று கேட்கவிருந்தேன், அடக்கிக்கொண்டேன்.